எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்

குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் வலென்சியாவுக்குப் போனேன். போகிற நேரமா இது என்று அப்பா கேட்டார். அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். பதின்மூன்று வயதில் அவர்களோடு அகதியாக ரொறன்ரோவில் வந்திறங்கிய நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிற கடிதங்களையும் படிவங்களையும் நான்தான் வாசிக்கிறேன். நகரத்தின் வோபர்ன் பகுதியில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் எத்தனையோ பேருக்கும் நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதனால் படிவங்களின் கேள்விகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒரு கேள்வி எங்கேயும் வரும்: எந்த நாட்டிலாவது நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்களா, உங்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறதா? மற்றவர்களுக்கு நிரப்பும்போது அதை நான் கெதியாய் வாசிப்பேன். "உது இல்லைத்தானே அன்ரி?" என்று பதிலையும் நானே சொல்லிக் கட்டத்துக்குள் புள்ளடி போட்டுவிடுவேன்.

என்னுடைய விண்ணப்பத்திலும் 'இல்லை' என்றுதான் போட்டிருந்தேன். உண்மையும் அதுதான். ஆனால் விண்ணப்பம் போட்ட நாளோடு அந்தக் கேள்வி முடிவதில்லை. நேர்காணலில் மறுபடியும் கேட்பார்கள், சத்தியப்பிரமாணம் எடுக்கும்வரை கேட்பார்கள். அதுவரைக்கும் என் 'இல்லை' 'இல்லை'யாகவே இருக்கவேண்டும். இந்தப் பயணத்தில் நான் காப்பாற்றவேண்டியிருந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

பிறகேன் போனாய் என்று கேட்டால், ஒரு ஆற்றுக்காகப் போனேன். மிசிசாகாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. மழைத்தண்ணீர் எந்தக் குழாயால் எங்கே ஓடவேண்டும் என்று வரைவது. படிக்கிற காலத்தில் ஒரு பாடத்தில் ஐரோப்பிய நகரமான வலென்சியாவைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு, நகரத்துக்கு நடுவால் ஓடிய ஆற்றை அவர்கள் அப்படியே ஊருக்கு வெளியால் திருப்பிவிட்டார்கள். வெறுமையான பழைய படுக்கையில் பெருந்தெரு போடத் திட்டம் வந்தபோது சனம் மறித்து நின்று தோட்டம் கேட்டது. இப்போது பழைய கற்பாலங்களுக்குக் கீழே மரமும் புல்லும் பந்தடிக்கிற திடல்களும் மைல்கணக்கில் போகின்றன. அதை ஒரு முனையிலிருந்து கடல்பக்கத்து முனைவரை நடந்து பார்க்கவேண்டும் என்பது எனக்கு நாலைந்து வருட ஆசை. கனடாக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகு போகலாம் என்றிருந்தேன். விண்ணப்பம் இழுபட்டது. மலிவாக ஒரு விமான ரிக்கற் கண்ணில் பட்டது. விசாவுக்குக் கேட்டேன், கிடைத்தது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கிற என் நண்பன் இங்கேயே பிறந்தவன். அவனுக்கு இது விளங்கவேயில்லை.

"ப்ரோ, கியூபாவுக்குப் போ. பீச்சில படு. தண்ணி இல்லாத ஆறு பாக்கவா அவ்வளவு தூரம் போறாய்? லிட்டரலி எம்ப்டி ரிவர்?"

"அதுக்குள்ள நடக்கலாமடா."

"இங்கயும் நடக்கலாம். ஹைவே ஃபோர் ஓ வண்ணில நட, ட்ரஃபிக்கில கார் எல்லாத்தையும் முந்திப்போடுவாய்."

என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயண ஆவணம். பார்வைக்குக் கடவுச்சீட்டுப் போலவே இருக்கும். திறந்து வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும். மட்ரிட் விமான நிலையத்தில் இருந்த அதிகாரி அதைத் திறந்து வாசித்தார். பிறகு எழும்பி அதையும் கொண்டு உள்ளே போனார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். அவர் திரும்பி வந்து முத்திரை குத்தும்வரைக்கும் நான் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு விரல் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்ரிட்டிலிருந்து பஸ். வலென்சியாவின் பஸ் நிலையம் அந்த ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. தெருவைக் கடந்து கைப்பிடிச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தால், கீழே ஆறு. ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண் நாயோடு போய்க்கொண்டிருந்தார். பயம் இல்லாமல் நான் அந்த ஊரில் நின்றது அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அங்கே பஸ்ஸும் ஏறவில்லை, ரயிலும் ஏறவில்லை. காசு மட்டாயிருந்தது. ஒரு ஹொஸ்டலில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு மேல்கட்டில், மத்திய சந்தையில் பாணும் வெண்ணெய்க்கட்டியும் தக்காளியும், போத்தலில் குழாய்த் தண்ணீர். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம்வரை நடை. பழைய ஊரின் ஒழுங்கைகள் வளைந்து வளைந்து, போன இடத்துக்கே திரும்பவும் கொண்டுவந்து விடும். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் நடந்தது ஒரு உல்லாசப் பயணியின் நடையாக இருக்கவில்லை. வங்கி வாசலில் நிற்கமாட்டேன். நகைக்கடைக் கண்ணாடியைப் பார்க்கமாட்டேன். கை இரண்டும் காற்சட்டைப் பைக்கு வெளியில்தான். பாதசாரி விளக்குச் சிவப்பாக இருந்தால், தெருவில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் நிற்பேன். என்னைத் தாண்டிக் கிழவிகள் எல்லாம் கடந்து போவார்கள்.

தெருவோரம் முழுக்கத் தோடை மரங்கள். ஒரேஞ்ச் நிறத்தில் காய்த்துக் குலுங்கின. கையை நீட்டினால் ஒரு பழம். விழுந்தவை நடைபாதையில் உருண்டு கிடந்தன. இரண்டாம் நாள் மத்தியானம் சரியான தாகம். ஒரு மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, இது நகரசபையின் சொத்தாக இருக்குமா, பறித்தால் களவா, களவென்றால் தண்டம் மட்டுமா அல்லது வழக்கா என்று யோசித்தேன். பறிக்கவில்லை. அவை வாயில் வைக்க முடியாத புளிப்பு, அழகுக்கு வளர்ப்பது என்று ஹொஸ்டலில் இருந்த ஒருவன் பிறகு சொன்னான். ஒரு புளிப்புத் தோடம்பழத்துக்காக நான் ஒரு முழுக் குற்றவியல் சட்டத்தையும் யோசித்து முடித்திருந்தேன்.

ஆவணத்தை ஹொஸ்டலில் பூட்டிவைத்துவிட்டுப் பிரதியை மட்டும் மடித்துக் கொண்டு திரிந்தேன். அது அப்பாவின் புத்தி. "ஒரிஜினலைக் கொண்டு திரியாத. அங்க பொக்கற் அடிக்கிறவங்கள் கூடவாம். கொப்பி போனாப் போகட்டும்." ஐரோப்பாவில் பொக்கற் அடிப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் அவர் சொன்னபடியே செய்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆற்றின் ஓரத்தில், பழைய கோட்டை வாசல் ஒன்றின் இரண்டு பெரிய கோபுரங்களுக்கு முன்னால், படிக்கட்டில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே ஏழெட்டு ஆபிரிக்கர்கள் நிலத்தில் வெள்ளைத் துணி விரித்துக் கைப்பை, சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி எல்லாம் அடுக்கி விற்றார்கள். எல்லாம் பெரிய கொம்பனிகளின் பெயர் போட்ட போலிச் சாமான்கள். துணியின் நாலு மூலையிலும் கயிறு கட்டி, நாலு கயிற்றையும் ஒருமிக்க ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏன் அப்படிப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது. ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்.

யாரோ விசிலடித்தார்கள். கயிறுகள் இழுபட்டன. விரித்திருந்த கடைகள் எல்லாம் ஒரு கணத்தில் மூட்டைகளாகித் தோளில் ஏறின. அவர்கள் ஓடினார்கள்.

நானும் ஓடினேன்.

இதை எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. நான் யோசித்து ஓடவில்லை. பாணைக் கீழே போட்டது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் யுத்தத்துக்குள் நாங்கள் ஓடின ஓட்டங்களை எழுத நான் இங்கே வரவில்லை. அந்த நாட்களில் அம்மா ஒரு விஷயம் பழக்கியிருந்தார்: ஆக்கள் ஓடினால் ஓடு, ஏன் எண்டு பிறகு கேக்கலாம். இன்னொன்றும் இருந்தது. முன்னால் ஓடுகிறவரின் சாமான் விழுந்தால், பின்னால் வருகிறவர் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும், ஏனென்றால் முன்னால் போகிறவரால் திரும்ப முடியாது. வீட்டில் நான் கடைசியாய் ஓடுகிற ஆள். எடுப்பது என் வேலை.

மஞ்சள் சட்டை போட்ட உயர்ந்த ஒருவன் எனக்கு முன்னால் ஓடினான். அவனுடைய மூட்டையிலிருந்து ஒரு மண்ணிறக் கைப்பை நழுவி விழுந்தது. குனிந்து அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாலத்தின் பக்கத்தால் ஆற்றுக்குள் சரிவு இறங்குகிறது. இறங்கினோம். கீழே பார்த்தால், எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், அரைக்காற்சட்டை போட்டு, காதில் பாட்டு மாட்டி, உடற்பயிற்சிக்கு ஓடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே அவன் மூட்டையோடும் நான் ஒரு பெண்களின் கைப்பையோடும் ஓடிப் பாலத்தின் வளைவுக்குக் கீழே போய் நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். என் முதுகுப்பையைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய ஹொஸ்டல் அட்டையைப் பார்த்தான்.

"நீ டூரிஸ்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம்" என்று தமிழில் சொல்லித் தலையையும் ஆட்டினேன்.

"உன்னிடம் பேப்பர் இருக்கா?"

"இருக்கு."

"பேப்பர் இருக்கிறவன் ஏன் ஓடினாய்? விசரா?"

கைப்பையை நீட்டினேன். அவன் கையைக் கொண்டுவந்தவன், எனக்குப் பின்னால் எதையோ கண்டு கையை இழுத்துக்கொண்டான். மூட்டையைப் பற்றைச் செடிகளுக்குள் தள்ளிவிட்டு ஓடுபாதைப் பக்கம் போனான். திரும்பிப் பார்த்தேன். சரிவால் இரண்டு பொலிஸ்காரர் இறங்கிவந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். இந்தத் தடவை நான் ஓடவில்லை. கையில் அந்தக் கைப்பை.

அந்தப் பெண்தான் கதைத்தார். ஆங்கிலம் ஓரளவு வந்தது.

"பாஸ்போர்ட்?"

"ஹொஸ்டலில் இருக்கிறது. பிரதி இருக்கிறது."

மடித்து மடித்து மெலிந்துபோன தாளை விரித்துக் கொடுத்தேன். வாசித்தார். 'அகதி' என்ற சொல்லில் அவருடைய விரல் நின்றதைக் கண்டேன். தாளை மற்றவரிடம் காட்டினார். இரண்டு பேரும் தங்களுடைய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

"இந்தப் பை உன்னுடையதா?"

"இல்லை. கீழே விழுந்தது. எடுத்தேன்."

"யாரிடமிருந்து விழுந்தது?"

இருபது அடி தள்ளி, ஓடுகிறவர்கள் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கிற இடத்தில், மஞ்சள் சட்டைக்காரன் ஒரு காலைத் தூக்கி மதிலில் வைத்து, குனிந்து பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். போட்டிருந்தது நீளக் காற்சட்டை. காலில் செருப்பு. அவனைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கைப்பையைப் பார்த்தேன்.

"நான் ஆளைப் பார்க்கவில்லை" என்றேன்.

அதுவரை நான் ஓடியது மட்டும்தான். இப்போது ஒரு பொலிஸுக்குப் பொய்யும் சொல்லியாயிற்று.

மூலப் பிரதியைக் காட்டவேண்டும், ஹொஸ்டலுக்கு நட என்றார்கள். வாகனம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடந்துதான் போனோம். அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில், மற்றவர் இரண்டடி பின்னால். மூன்று நாளாக நான் தனியே நடந்த அதே ஒழுங்கைகள். கோப்பிக் கடை வாசலில் இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை என்னைக் காட்டித் தாயிடம் ஏதோ கேட்டது. பயத்தில் எனக்கு வழி பிசகிவிட்டது. ஒரு தேவாலயத்தை இரண்டாம் தரம் தாண்டியபோது அந்தப் பெண் நின்றார்.

"உண்மையாகவே இந்தப் பக்கம்தான் தங்கியிருக்கிறாயா?"

"ஓம். ஓம். மன்னிக்கவேணும். இந்தச் சந்தைக்குப் பின்னால்."

"சந்தை அங்கே" என்று நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

ஹொஸ்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவன் எழும்பிவிட்டான். அறையில் பூட்டின் இலக்கங்கள் மறந்துபோய் மூன்று தரம் பிழையாய்ச் சுற்றினேன். நாலாம் தரம் திறந்தது. ஆவணத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினார்கள். விசாவைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் பெயரை எழுதினார். என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் முப்பத்திரண்டு எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். எழுதி முடிய வெகுநேரம் எடுத்தது.

"ஏன் ஓடினாய்?"

"எல்லாரும் ஓடினார்கள்."

"எல்லாரும் ஓடவில்லை. விற்கிறவர்கள்தான் ஓடினார்கள். மற்றவர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்."

உண்மைதான். வயலின்காரர்கூட நிறுத்தவில்லை. எனக்கு அது அப்போதுதான் நினைவு வந்தது.

ஆவணத்தைத் திருப்பித் தந்தார். கைப்பையைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். போகலாம் என்ற மாதிரித் தலையாட்டிவிட்டு வெளிக்கிட்டார்கள். நான் பின்னால் போனேன். படிவம் நிரப்புகிறவனின் புத்தி வேறெப்படிப் போகும்?

"என்மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா?"

"இல்லை."

"நான் கைது செய்யப்பட்டேனா?"

"இல்லை."

"தடுத்து வைக்கப்பட்டேனா?"

அவர் மற்றவரைப் பார்த்தார். "இல்லை. நீ சுற்றுலாப் பயணி. போய்ச் சாப்பிடு."

"அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு கடிதம் தருவீர்களா?"

அவர் சிரித்தார். மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார். "ஒன்றும் நடக்காததற்குக் கடிதம் கொடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பின்னேரம் அம்மா போன் எடுத்தார்.

"குரல் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு?"

"நடந்த களை அம்மா."

"ஆறு பாத்தியே?"

"பாத்தன்."

"தண்ணி நிண்டதே?"

"தண்ணி இல்லாத ஆறெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"பின்ன ஏன் உனக்கு மூச்சு வாங்குது?"

அதற்குப் பிறகும் நாலு நாள் இருந்தது. காலையில் பாண் வாங்கப் போவேன், வருவேன். ஆற்றுக்குள் நான் மறுபடியும் இறங்கவில்லை. கடல்பக்கத்து முனையையும் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் 'தடுத்து வைத்தல்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று தேடினேன். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருள். எனக்குச் சாதகமான ஒன்றைக் கண்டால் உடனே அடுத்ததையும் திறந்து பார்ப்பேன், அது பாதகமாக இருக்கும்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து முதலில் நண்பனிடம்தான் சொன்னேன். காரை ஓரமாய் நிப்பாட்டிவிட்டுச் சிரித்தான்.

"ஹோல்ட் ஆன். நீ ஒண்டும் செய்யேல்ல. ஆனா ஓடினாய்."

"ஓம்."

"சாமானையும் தூக்கிக்கொண்டு."

"ஓமடா."

"பிறகு பொலிஸிட்ட லெட்டர் வேற கேட்டாய்? ப்ரோ, யூ ஆர் த வோர்ஸ்ட் கிறிமினல் எவர்."

அப்பா சிரிக்கவில்லை.

"பேரை எழுதினவளோ?"

"எழுதினவ."

"எழுதினது எழுதினதுதான். ஆனா தடுத்து வைக்கேல்லத்தானே? நடத்திக்கொண்டு போனவைதானே? கேட்டால் இல்லையெண்டு சொல்லு. வாயைத் திறந்து நீயா ஒண்டையும் குடுக்காத."

"பொய் சொன்னது பிடிபட்டால் எல்லாம் போயிடும் அப்பா."

"உண்மையைச் சொல்லி எல்லாம் போனவையையும் எனக்குத் தெரியும்."

நான் சொன்னதும் அப்பா சொன்னதும் இரண்டும் சரியாகப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. நேர்காணலுக்கான கடிதம் வந்தது. நேர்காணல் இடம் மிசிசாகாவில், என் வேலையிடத்திலிருந்து பத்து நிமிடம். நேர்காணல் நாள் காலை நான் போட்டிருந்த சட்டையைக் கக்கத்தில் நனைந்துவிட்டது என்று கழிப்பறையில் கைகாயவைக்கிற காற்றுக்குக் கீழே நின்று காயவைத்தேன்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தடிமன் பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்தார். ஆவணங்களைப் பார்த்தார். எங்கே பயணம் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, நான் அன்ரிமாருக்கு வாசிக்கிற அதே வேகத்தில், அந்தக் கேள்வியை வாசித்தார். விண்ணப்பித்த பிறகு எந்த நாட்டிலாவது கைது, தடுத்து வைத்தல், குற்றச்சாட்டு ஏதும்? இல்லைத்தானே?

அவருடைய விரல் தட்டச்சுப் பலகையில் தயாராக நின்றது. 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "தெரியாது என்றால்?"

சொன்னேன். விசில், ஓட்டம், கைப்பை, ஆறு, நடை. இடையில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். அவர் ஒரு கட்டத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நடந்து போகும்போது, வரமாட்டேன் என்று நீங்கள் விலகிப் போயிருக்கலாமா?"

"கேட்டுப் பார்க்கவில்லை."

"கைரேகை எடுத்தார்களா? தாளில் கையெழுத்து வாங்கினார்களா?"

"இல்லை. ஒரு கடிதம் நான்தான் கேட்டேன். தரவில்லை."

அவருடைய வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கைப்பை யாருடையது?"

இரண்டாம் தரம் அதே கேள்வி. "விற்கிற ஒருவனுடையது. பெயர் தெரியாது. பொலிஸிடம் ஆளைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அவன் பக்கத்தில்தான் நின்றான்."

நீண்ட நேரம் தட்டினார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்ததுபோல் பட்டது. எழும்பி வெளியே போனார். பத்து நிமிடமிருக்கும். வந்து இருந்து, "குறித்திருக்கிறேன். முடிவு மின்னஞ்சலில் வரும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஏழு கிழமையும் அப்பா என்னோடு அளந்துதான் கதைத்தார். மின்னஞ்சல் ஒரு வேலைநாளில், நான் ஒரு வடிகாலின் சரிவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. திறக்க முன் எழும்பிப் போய் முகம் கழுவினேன். சத்தியப்பிரமாணத்துக்குத் திகதி குறித்திருந்தார்கள். இணையவழியில்.

அந்த நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு இருந்தேன். அப்பாவும் அம்மாவும் கமெராவுக்குள் விழாத பக்கமாய்ச் சுவரோடு நின்றார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். என் முறை வந்தபோது அதிகாரி நிரந்தர வதிவிட அட்டையைக் கமெராவில் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு, குடியுரிமை கிடைத்தால் இது இனித் தேவையில்லை, கத்தரிக்கோலால் அதை வெட்டுங்கள் என்றார்.

கடிதத்தில் கத்தரிக்கோல் தயாராக வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்தான். ஏன் என்று நான் வீட்டில் சொல்லவில்லை.

"தம்பி, வெட்டாத!" அம்மாவின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "புதுசு கையில வரட்டும்! வெட்டாத!"

அதிகாரி நிமிர்ந்தார். "அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா?"

"என் அம்மா."

"ஏதும் பிரச்சினையா?"

"இல்லை. அவருக்குப் பயம்."

"டேய், அந்த மனிசியிட்டக் கேள், முதல்ல அதைத் தரச்சொல்லு, பிறகு இதை வெட்டுவம்" என்று அப்பா அடிக்குரலில் சொன்னார். அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்தது கோழி வெட்டுகிற கத்தரிக்கோல். அட்டை நினைத்ததைவிடத் தடிப்பு. முதல் வெட்டு வழுக்கியது. இரண்டாவதில் என் படம் ஒரு துண்டாகவும் பெயர் ஒரு துண்டாகவும் போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கையை உயர்த்தி, சொல்லச் சொன்னதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள், சத்தம் அணைத்திருந்ததால் கேட்கவில்லை. கணினியை மூடினேன்.

"சேட்டிபிக்கேற் எப்ப வரும்?" அப்பா கேட்டார்.

"ரெண்டு கிழமைக்குள்ள."

"அதுவரைக்கும் உன்னட்ட என்ன கிடக்கு?"

"லைசன்ஸ் இருக்கு அப்பா."

"அது நீ கார் ஓடுவாய் எண்டுதான் சொல்லும்."

அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டபோது, இரவு வேலை முடித்து வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார். எங்கே என்று கேட்டேன். "நட" என்றார். மிசிசாகா வரைக்கும் வந்தார், பஸ், ரயில், மறுபடியும் பஸ். ஆராவது மறித்துக் கேட்டால் இவன் என்ர மோன் எண்டு நான் சொல்லுவன், என்னட்ட அட்டை கிடக்கு என்று பொக்கற்றைத் தட்டிக் காட்டினார். ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்தபடி, நித்திரை கொள்ளாமல், எனக்குப் பக்கத்தில் இருந்தார்.